யாரும் யாரையும் தள்ளவில்லை, ஐயா

நேற்றிலிருந்து எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிற அந்தக் காணொளியைப் பற்றித்தான். எது என்று சொல்லத் தேவையில்லை. பின்னணியில் சோக வயலின், கொட்டை எழுத்தில் "தாய்க்கழுகு தள்ளிவிட்டது, குஞ்சு பறந்தது!" போட்டவர் தன்னம்பிக்கைப் பேச்சாளர். லைக் கொட்டுகிறது.

அது கழுகே இல்லை. பொரி வல்லூறு என்கிற வேட்டைப் பறவை. மெல்போர்ன் காலின்ஸ் தெருவில் 367-ஆம் எண் கட்டடம், 30 மாடிக்கும் மேலே ஒரு விளிம்பில் கூடு. அங்கிருக்கும் கேமராவிலிருந்து சுட்ட காட்சி. வசந்தகாலம் வந்தால் எங்கள் ஊரில் பலர் ஆபீஸ் நேரத்தில் திருட்டுத்தனமாகப் பார்ப்பது இதைத்தான். நானும்தான்.

அதனால் சொல்கிறேன், யாரும் தள்ளவில்லை. குஞ்சு பறக்கச் சுமார் 40 நாள் ஆகும். அதற்கு முன் நாள்கணக்கில் விளிம்பில் நின்று இறக்கையை அடித்து அடித்துப் பார்க்கும். தலையில் வெள்ளைத் தூவி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று கொஞ்சம் தூக்கினால் பயந்து உள்ளே ஓடும், மறுபடி வரும். ஒருநாள் போய்விடும். பல நேரம் தாய் அந்தப் பக்கமே இருக்காது.

"இரையைக் குறைத்துப் பட்டினி போடுமே?" என்று விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள். சரி, இரையைக் காலில் பிடித்தபடி குஞ்சின் கண்ணெதிரே பறந்து ஆசை காட்டும். கூப்பிடும். தள்ளாது. பறந்த பிறகும் பல வாரம் இரை கொடுப்பது அப்பா அம்மாதான். அந்தரத்தில் இரையை நழுவவிட்டு, அதைப் பிடிக்கக் குஞ்சைப் பழக்கும். அதெல்லாம் காணொளியில் வராது, வயலினுக்கு ஒத்துவராதே.

இதே ஆள்தான் போன வருடம் "கழுகு 40 வயதில் அலகைப் பாறையில் உடைத்துக்கொண்டு 70 வரை வாழும்" என்றார். அலகு உடைந்தால் கழுகு பட்டினியில் சாகும், ஐயா.

"கருத்து நல்லதுதானே, கதை பொய்யானால் என்ன?" இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சின்ன வயதில் நீச்சல் பழக்குகிறேன் என்று சித்தப்பா என்னைக் கிணற்றில் தள்ளினார். மேலே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பாசி வழுக்கிய படிக்கல்லை நகத்தால் பிறாண்டியது இன்னும் விரலில் இருக்கிறது. "அப்பதான் கத்துக்குவா." கற்றுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் கடலில் கணுக்கால் நனையும் வரைதான் தைரியம். தள்ளியவர்கள் எல்லோரிடமும் ஒரு கழுகுக் கதை இருக்கிறது. பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காதவர்களிடம், பத்தாம் வகுப்பு மார்க்குக்காகச் சோற்றுத் தட்டைப் பிடுங்கியவர்களிடம், எல்லோரிடமும்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பு வேண்டாமா?" கண்டியுங்கள், உங்கள் பொறுப்பில் கண்டியுங்கள். புறாவைப் பிடித்துத் தின்றுகொண்டு தன் பாட்டுக்கு இருக்கிற பறவையை எதற்குச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?

அடுத்து "வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு வகுப்பெடுக்காதே" என்று ஒருவர் வருவார். ஆமாம், மெல்போர்னில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கூடும் இங்கேதான் இருக்கிறது.