லண்டனிலேயே மூடிவிட்டார்களாம்

கடலில் ஆபத்து என்றால் அழைப்பை எடுக்க எங்கட யாழ்ப்பாணக் கரையில் ஒரு நிலையம் வேண்டும் என்று மீன்பிடிக்கிற சனம் கேட்ட அந்தக் கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பகிர்ந்தும் விட்டீர்கள், அதனால் நடந்ததைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. மேடையில் இருந்த பெரியவர் போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வசனம்தான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. "இங்கிலாந்திலேயே கரையோரக் காவல் நிலையங்களை மூடி எல்லாவற்றையும் ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவந்தாயிற்று, படகுச் சொந்தக்காரர் கொஞ்ச நாள் கத்திவிட்டு அடங்கிவிட்டார்கள், நீங்கள் என்னடா என்றால் கரைக்குக் கரை ஆள் கேட்கிறீர்கள்." உடனே சிரிப்பு. கைதட்டல். தட்டியவர்களில் நம்மட ஆட்களும் இருந்தார்கள், முகங்கள் வடிவாகத் தெரிகின்றன.

நாங்கள் கேட்டது என்ன? கப்பலா, ஹெலிகொப்டரா? கடலில் எஞ்சின் நின்று தவிக்கிறவன் கூப்பிட்டால், அந்தக் கரை தெரிந்த, தமிழ் கதைக்கத் தெரிந்த ஒரு ஆள் அந்த அழைப்பை எடுக்க வேண்டும். இரவில் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு அறை, ஒரு றேடியோ, ஒரு போன், முறை மாற்றி இருக்க நாலு பெடியள். இதைக் கேட்டதற்குத்தான் லண்டன் கதை.

சரி, லண்டனுக்கே போவோம். 2010 டிசம்பரில் அங்கே வந்த திட்டம், இருந்த 19 நிலையங்களை ஏறக்குறைய பாதியாக்குவது, மிஞ்சுவதில் ஐந்தைப் பகலில் மட்டும் திறந்து வைப்பது. கடலில் ஆபத்து அலுவலக நேரம் பார்த்து வரும் என்று நினைத்தார்களோ தெரியாது. மீன்பிடிப் படகுக்காரர், பாய்ப்படகு வைத்திருப்போர், உயிர்காப்புப் படகில் போகிறவர்கள், அந்த நிலையங்களில் வேலை செய்தவர்கள் எல்லோரும் சேர்ந்து எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதும் நாங்கள் சொல்வதும் ஒன்றுதான்: உள்ளூர்க் கடல் தெரிந்தவரிடம் இருந்து அழைப்பைப் பறிக்காதே. பாராளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு 2011 ஜூனில் அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் குறை சொல்லி அறிக்கை கொடுத்தது. அடுத்த மாதமே அரசு இறங்கி வந்தது. பகல் மட்டும் என்ற கதை கைவிடப்பட்டது. ஸ்கொட்லாந்தின் ஷெட்லாந்து, ஸ்டோர்னவே நிலையங்கள் இரண்டில் ஒன்று மூடப்படுவதாக இருந்தது, இரண்டுமே தப்பின.

மூடியதும் உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. 2012இல் போர்த், கிளைட் நிலையங்கள் போயின, பிறகு கிரேட் யார்மத், சுவான்சி, பிறிக்ஸம், போர்ட்லண்ட், லிவர்பூல் என்று ஒவ்வொன்றாகப் போயின. தெற்கே ஃபெயர்ஹம்மில் ஒரு பெரிய மையம் வந்தது. ஆனால் ஒரே கட்டடமா? டோவர், ஃபல்மத், ஹோலிஹெட், மில்ஃபோர்ட் ஹேவன், பெல்ஃபாஸ்ட், அபர்டீன், ஹம்பர், மேலே சொன்ன இரண்டு, இவ்வளவையும் விட்டு வைத்த பிறகுதான் அந்தக் கட்டடம். "கத்திவிட்டு அடங்கினார்கள்" என்று சொன்னவருக்கு, கத்தியதால்தான் இவ்வளவாவது மிஞ்சியது என்று யாராவது எடுத்துச் சொல்லுங்கோ.

இன்னொன்றையும் அவர் சொல்லவில்லை, வேண்டுமென்று விட்டாரா தெரியாமல் விட்டாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். அங்கே மூடியது அழைப்பை எடுத்து ஒழுங்கு செய்யும் அறைகளை. போய்த் தூக்கி வரும் படகுகளை அல்ல. 1824இல் தொடங்கிய உயிர்காப்புப் படகுச் சங்கம் ஒன்று அங்கே இருக்கிறது, ஆர்.என்.எல்.ஐ. என்பார்கள், மக்கள் கொடுக்கும் நன்கொடையில் ஓடுகிறது, அயர்லாந்தையும் சேர்த்து 238 நிலையங்கள். படகில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்த் தொண்டர்கள். மணி அடித்தால் கடையைப் போட்டுவிட்டு ஓடி வருகிற ஆட்கள். ஆகவே ஃபெயர்ஹம்மில் இருப்பவருக்கு அந்தக் கடல் தெரியாவிட்டாலும் படகில் ஏறுகிறவருக்குத் தெரியும். எங்களிடம் அந்த அறையும் இல்லை, அந்தப் படகும் இல்லை. இல்லாததை எப்படி ஐயா மூடுவது? திறவாத கடைக்குப் பூட்டுப் போடுகிற கதையாக அல்லவா இருக்கிறது.

"உனக்கென்ன தெரியும், நீ கடலுக்குப் போனாயா" என்று போன பதிவில் ஒருவர் கேட்டிருந்தார். போகவில்லை. அப்பா போனார், இப்போது அண்ணா போகிறார். நான் ஒரு மேசையில் இருந்து வேலை பார்க்கிறவள். ஆனால் கடலில் ஏதும் நடந்தால் கரையில் போனைத் தூக்குவது யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணி, அம்மா, நான். அந்த நம்பர்களுக்கு அடித்துப் பார்த்தவர்கள் நாங்கள்தான், மேடையில் கதைத்தவர் அல்ல.

ஒரு சோழகக் காலம், தெற்கில் இருந்து காற்றடிக்கும் காலம். வடமராட்சிப் பக்கத்து ஆட்களுக்கு விளங்கும், சோழகத்தில் எஞ்சின் நின்றால் படகு தானாகக் கரைக்கு வராது, காற்று வடக்கே தள்ளிக்கொண்டு போகும், தள்ளினால் அந்தப் பக்கம் இந்தியக் கரை. கடல் கொண்டு போகாவிட்டாலும் அங்கே ஏறினால் பொலிஸ், வழக்கு, தூதரகம் என்று மாதக் கணக்கில் இழுபடும். நடுச்சாமம் தாண்டி அண்ணா எடுத்தார். "எஞ்சின் நிண்டிட்டுது, இழுக்கத் தொடங்கிட்டுது, வெளிச்சவீடு மேற்கால சாஞ்சிட்டுது, கோயில் லைற் மறைஞ்சு போச்சு." அதற்குப் பிறகு சிக்னல் இல்லை.

கேட்டீர்களா அந்த வசனத்தை? எங்கட கரையில் தொழில் செய்கிற எவருக்கும் அது முழு விலாசம். வெளிச்சவீடு எந்தப் பக்கம், கோயில் தெரிகிறதா இல்லையா, இவ்வளவும் தெரிந்தால் படகு எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

நான் அடித்த முதல் நம்பரில் பதிவு செய்த குரல். தமிழுக்கான இலக்கத்தை அழுத்தினேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சிங்களத்துக்கு அழுத்தினேன், உடனே எடுத்தார்கள். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார், அவரில் எனக்குக் கோபமில்லை, எனக்குத் தெரிந்த அலுவலகச் சிங்களத்தில் நானும் சொல்லிப் பார்த்தேன். "எந்த வீதி" என்று கேட்டார். கடல் என்றேன். "கிட்டவுள்ள வீதி?" என்றார். பிறகு அகலாங்கு நெட்டாங்கு கேட்டார். அண்ணாவிடம் போன் கிடைக்கவில்லை, நான் எங்கே போய் எடுப்பது? வேறொரு நம்பர் தந்தார். அங்கே படகின் பதிவிலக்கம், எஞ்சின் இலக்கம், சங்கத்தில் அறிவித்தீர்களா, கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் கடிதம். அண்ணி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறா.

கடைசியில் பக்கத்துக் கரைச் சம்மாட்டி ஒருவருக்கு எடுத்தோம். அப்பாவின் பழைய கூட்டாளி. அவர் இரண்டே கேள்வி கேட்டார். "எத்தினை மணிக்கு நிண்டது? வலை எந்த நேர்ல போட்டவன்?" சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு "விடியக்குள்ள கூட்டிக்கொண்டு வாறன், கொண்ணிய அழவேண்டாம் எண்டு சொல்லு" என்றார். தன் படகில், தன் எண்ணெயில், தன் மகனை ஏற்றிக்கொண்டு போனார். கூட்டிக்கொண்டும் வந்தார்.

அந்த மனிசன் கேட்ட இரண்டு கேள்விகளைக் கேட்கத் தெரிந்த ஒருவரை ஒரு அறையில் சம்பளம் கொடுத்து இருத்துங்கோ என்றுதான் கேட்கிறோம். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம், திரும்பத் திரும்பச் சொல்லியும் விளங்காததால்தான் சொல்கிறேன்.

இப்போது வரும், "எல்லாரும் ஜி.பி.எஸ். வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை." வைத்திருக்கிறார்கள் ஐயா. பலர் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பட்டாலும் பற்றரி இறங்கினாலும் அது வெறும் பெட்டி. வைத்திருந்தாலும் அதில் தெரிகிற எண்ணை யாருக்குச் சொல்வது? எடுக்க ஆள் வேண்டும் என்பதுதானே பேச்சு. ஒருநாள் தொழிலுக்குப் போகிற கண்ணாடியிழைப் படகு, 15 அல்லது 25 குதிரைவலு எஞ்சின், அதில் எத்தனை பேரிடம் வேலை செய்கிற றேடியோ இருக்கிறது என்று ஒருநாள் விடிய இறங்குதுறையில் வந்து நின்று பாருங்கள். இங்கிலாந்தில் சின்னப் படகுக்காரரும் றேடியோவில் ஆபத்து அழைப்புக்குரிய பதினாறாம் சனலில் கூப்பிட்டால் கேட்கக் காது இருக்கிறது. எங்களுக்குச் சிக்னல் ஒரு கோடு இருக்கிற வரைக்கும்தான் உலகம்.

"1990 அம்புலன்சுக்கு ஒரே நம்பர்தானே, வருகிறதே?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி, மற்றவர்களை விட அவர் யோசித்திருக்கிறார். அது ஏன் வருகிறது? அழைப்பு எங்கே போனாலும் அம்புலன்ஸ் எங்கட பக்கத்திலேயே நிற்கிறது, சாரதிக்கு ஒழுங்கை தெரியும், தெரியாவிட்டால் சந்திக் கடையில் நிறுத்திக் கேட்கலாம். கடலில் எந்தச் சந்தியில் நிறுத்திக் கேட்பது?

காசில்லை என்பார்கள். 2022இல் நாடு வங்குரோத்து ஆனதை எங்களுக்குப் படிப்பிக்க வேண்டாம். அந்த ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்குப் போனபோது படகைக் கரையில் ஏற்றிவிட்டு வீட்டில் இருந்தது யார்? நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தால் நாடு திரும்பவும் மூழ்கிவிடும் என்றால் மூழ்கட்டும், இதற்கு மேல் இந்தக் காசுக் கதைக்குப் பதில் இல்லை.

லண்டனில் இருக்கிற மச்சான் ஒருவர் "இங்கே சிஸ்டம் அந்த மாதிரி வேலை செய்யுது" என்று உட்பெட்டிக்கு வந்தார். 2021 நவம்பர் 24ஆம் திகதி அவருடைய அந்த ஆங்கிலக் கால்வாயில் காற்றடித்த படகு ஒன்று மூழ்கிக் குறைந்தது 27 பேர் இறந்தார்கள். அகதிகள். அவர்கள் கூப்பிட்டார்கள், பலமுறை கூப்பிட்டார்கள். பிரெஞ்சுப் பக்கத்தில் எடுத்தவர் நீங்கள் இங்கிலாந்துக் கடலில் நிற்கிறீர்கள் என்றார். நிலையங்களை மூடியதால்தான் அது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை, யாரும் அப்படித் திரிக்க வேண்டாம். நவீனக் கட்டடமும் திரையும் கணினியும் இருந்தும், போனில் அழுகிறவனை வந்து தூக்குவது யாருடைய வேலை என்று தீர்வதற்குள் படகு போய்விட்டது என்கிறேன். அதுவும் அவர்கள் யாரோ வெளியாட்கள் என்பதால் இன்னும் கொஞ்சம் மெதுவாகத் தீர்மானித்திருக்கலாம். வெளியாட்களாக நின்று உதவி கேட்பது எப்படி இருக்கும் என்று எங்களை விட யாருக்குத் தெரியும்?

எல்லாவற்றையும் விட என்னை நோகவைத்தது வேறு. "ஒரு பக்கம் கடற்படையைப் போ என்கிறீர்கள், மறுபக்கம் கடல் காவல் வேண்டும் என்கிறீர்கள், உங்களுக்கு என்னதான் வேண்டும்?" எழுதியது எங்கட ஊர்ப் பிள்ளை. தம்பி, மயிலிட்டியில் 1990இல் இடம்பெயர்ந்த சனம், இராணுவம் பிடித்து வைத்திருந்த தங்கள் துறைமுகத்தில் திரும்பக் கால் வைத்தது 2017இல். 27 வருசம். அந்த இடைவெளியில் வேறு ஊர்க் கரைகளில் கூலிக்கு வலை இழுத்துக் கிழவர்களாகிப் போனவர்களை எனக்குத் தெரியும். யுத்த காலத்தில் பாஸ் இல்லாமல் கடலில் இறங்க ஏலாது, இறங்கினாலும் இவ்வளவு தூரம்தான் என்று கோடு. 1985 மே 15 பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட குமுதினிப் படகில் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லித் தரவில்லை என்றால் நெடுந்தீவில் யாரிடமாவது கேள். எங்கட சனம் கடலில் சீருடையைக் கண்டால் முதலில் ஒதுங்கத்தான் பார்க்கும், அது முரண்பாடு இல்லை, அனுபவம். 2009இல் கடலோரக் காவலுக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள், 41ஆம் இலக்கம், நல்லது, கடலில் உயிர் காப்பதும் அதன் வேலைகளில் ஒன்று என்றால் அந்த வேலைக்கு எங்கட பெடியளையும் எடுங்கோ என்கிறோம். காணியைப் பிடித்து வைத்திருக்கிற முகாமும் போனை எடுக்கிற பெடியனும் உனக்கு ஒன்றாகத் தெரிகிறதா?

றோலர்காரன் அடியோடு வழித்துக்கொண்டு போகிறான், 2017இல் இழுவை மடித் தொழிலைத் தடை செய்தும் இந்தியப் படகுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கரையோரம் மீன் இல்லாததால் சின்னப் படகும் முந்தியை விடத் தூரத்துக்குப் போகிறது. தூரம் கூடக் கூட சிக்னல் குறைகிறது. இதையெல்லாம் அந்தக் கூட்டத்தில் ஒரு வயதானவர் எழுந்து சொல்லத் தொடங்கினார், நேரமில்லை என்று மைக்கை வாங்கிவிட்டார்கள், வெட்டி ஒட்டிய வீடியோவில் அது வரவில்லை. லண்டன் கதைக்கு மட்டும் நேரம் இருந்தது.

"அரசியல் செய்கிறீர்கள்" என்று ஒரு கொமென்ட். ஓம், செய்கிறோம். வேறு என்ன செய்வது?

அடுத்த கூட்டத்துக்கு மீனவர் சமாசத்தில் இருந்து எழுத்தில் கொடுக்கப் போகிறார்கள், நானும் தட்டச்சுச் செய்து கொடுக்கிறேன், மூன்று மொழியிலும். தமிழில் எடுக்க ஆள் இல்லாத நம்பரை எங்கட மீன் வாடிகளில் ஒட்ட வேண்டாம் என்பதும் அதில் ஒரு வரி.

முன் வரிசையில் இருந்து கைதட்டியவர்களுக்கு ஒன்று. உங்களில் ரெண்டு பேருக்குப் படகு இருக்கிறது, பெயர் போடவில்லை. நாளைக்கு உங்கட எஞ்சின் நின்றால் நீங்கள் அந்த ஒரே கட்டடத்துக்கு அடிக்கப் போவதில்லை, எங்கட அண்ணாவுக்குத்தான் அடிப்பீர்கள், போன வருசமும் அப்படித்தான் அடித்தீர்கள். அவர் வருவார், அவருக்கு மறுக்கத் தெரியாது. மண்ணெண்ணெய்க் காசை மட்டும் இந்த முறை கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.