ஒன்றரை லட்சம் ரூபாயும் ஒரு பழைய காரும்

கடந்த ஆண்டு ஜூன் மாதம் நான் ஒரு பழைய கார் வாங்கியதை அறிந்த நண்பர்கள் மூவர், தங்களுக்கும் அதே விலையில் ஒன்று பார்த்துத் தர முடியுமா என்று இந்த மாதத்தில் மட்டும் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. வாரம் இருமுறை அம்மாவைக் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது; கையில் இருந்தது ஒன்றரை லட்சம் ரூபாய்; கடன் வாங்குவதில்லை என்பது வீட்டில் எடுத்த முடிவு.

ஒன்றரை லட்சம் வைத்திருப்பவர் ஒன்றரை லட்சம் ரூபாய் வண்டியைப் பார்க்கவே கூடாது என்பதுதான் என் கருத்து. பன்னிரண்டு வயதான எந்தக் காரும், அதை விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வாங்கிய முதல் இரண்டு மாதங்களில் கணிசமான செலவைக் கேட்கும். ஏனெனில் விற்கும் எண்ணம் வந்த நாளிலிருந்து யாரும் டயரோ பேட்டரியோ மாற்றுவதில்லை. அந்தச் செலவுக்குப் பணம் இல்லாதவர், தேய்ந்த கிளட்சோடும் வழவழத்த டயரோடும் ஓட்டத் தொடங்கி, ஆறு மாதத்தில் வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுகிறார். அவரிடம் இருந்தது கெட்ட வண்டியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

என் கணக்கை அப்படியே தருகிறேன். வண்டி 1,12,000 ரூபாய். நான்கு டயர்கள் 11,600. பேட்டரி 3,800. டைமிங் பெல்ட், ஆயில், கூலன்ட், ஃபில்டர்கள் எல்லாம் சேர்த்து 4,500. கிளட்ச் செட் கூலியோடு 5,500. பிரேக்கும் முன்பக்க சஸ்பென்ஷன் புஷ்களும் 4,200. இன்ஷூரன்ஸ் 2,800. பெயர் மாற்றத்துக்கு ஏஜென்ட் கூலி உட்பட 2,500. வண்டிகளைப் பார்த்துச் சொன்ன மெக்கானிக்குக்கு 2,500. மிஞ்சிய 600 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டேன்.

மெக்கானிக்குக்குக் கொடுத்த அந்த 2,500 ரூபாயைப் பற்றித்தான் நண்பர்கள் அதிகம் சிரித்தார்கள். நம் ஊரில் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய் வண்டி பார்ப்பது வழக்கம். டீயும் பரோட்டாவும் வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. பேரம் முடிந்தால்தான் அவருக்கு விற்பவரிடமிருந்தோ பழைய கார் விற்றுத்தரும் கன்சல்டிங் கடையிலிருந்தோ கமிஷன் கிடைக்கும் என்ற நிலையில், "வேண்டாம் சார்" என்று சொல்ல அவருக்கு என்ன லாபம்? ஆகவே, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு வண்டிக்கு 500 ரூபாய் என்று முதலிலேயே பேசிக்கொண்டேன். ஐந்து வண்டிகள் பார்த்தோம். நான்கை அவரே வேண்டாம் என்றார்.

அவற்றுள் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது, பெரிய டீசல் செடான், விலை 1,40,000. உள்ளே அமர்ந்ததும் என் மனைவிக்கும் எனக்கும் முகம் மலர்ந்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை. புதிதாக இருந்தபோது பத்து லட்சத்துக்கு விற்ற கார் இப்போது ஒன்றரை லட்சத்துக்குள் கிடைக்கிறது என்றால், விலை இறங்கிவிட்டது, உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை என்று பொருள். டர்போவோ இன்ஜெக்டர்களோ ஒருமுறை கையை விரித்தால் வண்டி விலையில் பாதி போய்விடும். மெக்கானிக், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குக்கரில் விசில் தூக்கியதுபோல் புகை விட்டு விட்டு வெளியே அடித்தது. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்றார். நாங்கள் வருவதாகச் சொல்லியிருந்ததால், குளிர்ந்த இன்ஜின் காட்டிக்கொடுக்கும் குறைகள் தெரியாதிருக்க, இன்ஜினை முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார்கள். காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது நாம் பக்கத்தில் நிற்க வேண்டும். பானட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் மறுநாள் வருகிறோம் என்று கிளம்பிவிடலாம்.

இரண்டாவது, சென்னைப் பதிவெண் கொண்ட வெள்ளை நிறச் சிறிய கார். ஐம்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருப்பதாக மீட்டர் காட்டியது. மீட்டரைத் திருப்புவது இப்போது மிக எளிய வேலை என்பதால் அந்த எண்ணை நான் பார்ப்பதே இல்லை; கிளட்ச் பெடலின் ரப்பரும் ஸ்டீயரிங்கின் தோலும் ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லா. இந்த வண்டியில் அவையும் ஒழுங்காகவே இருந்தன. மெக்கானிக் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேற்றின் கறை கோடாகத் தெரிந்தது. ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் அதே நிறத்தில் மண் படிந்திருந்தது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் அத்தனையும் உடைக்கப்பட்டுவிடவில்லை. கழுவிப் பாலீஷ் போட்டுத் தெற்கே அனுப்பப்பட்டவையும் உண்டு. இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். நீரில் ஊறிய ஒயரிங்கை யாராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

நான் வாங்கியது, ஒரு சிற்றூரில் உரக்கடை நடத்துபவரின் 2012 ஆம் ஆண்டு ஆல்டோ. பின்பக்கம் டிக்கியைத் திறந்தால் யூரியா வாடை. மூட்டைகள் ஏற்றியதால் டிக்கியின் தரைத் தகடு துரு ஏறி, ஓரிடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. பார்க்க வந்த நான்கைந்து பேர் அந்த ஓட்டையைப் பார்த்தே திரும்பிப்போனார்களாம். ஆனால் அந்த மனிதர், கடையின் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினார், எப்போது பிரேக் ஷூ போட்டார் என்று பன்னிரண்டு ஆண்டுகளாக எழுதி வைத்திருந்தார். தரைத் தகட்டை வெல்டிங் பட்டறையில் ஒட்டுப்போட்டுவிடலாம். சஸ்பென்ஷன் பொருந்தும் இடமோ கதவுக்குக் கீழுள்ள சட்டமோ துருப்பிடித்திருந்தால்தான் அந்த வண்டியை விட்டு நாம் ஓட வேண்டும். அந்தத் துருவைச் சொல்லித்தான் பதினெட்டாயிரம் குறைத்தேன். ஒட்டுப்போட்ட செலவை அவரே ஏற்றுக்கொண்டார்.

ஆல்டோவில் இருக்கும் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின், மாருதி 800 வழி வந்தது. 1983இல் தொடங்கி 2014 வரை தயாரான அந்தக் காரைப் பிரித்துப் பூட்டாத மெக்கானிக் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். அழகில்லை, இடமில்லை, பாதுகாப்பும் இன்றைய கார்களோடு ஒப்பிடக்கூடியதன்று. காற்றுப் பைகள் இல்லாத வண்டி என்பதை நினைவில் வைத்து அறுபதுக்கு மேல் நான் ஓட்டுவதில்லை. ஆனால் திருவிடைமருதூரில் நின்றுபோனாலும் பாபநாசத்தில் நின்றுபோனாலும் அரை மணி நேரத்தில் பாகம் கிடைக்கும்.

காகிதங்களைப் பற்றி ஒன்று மட்டும். உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்கிவிட்டோம், பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் நம்மில் மிகுதி. விற்றவர் பதினான்கு நாளுக்குள்ளும் வாங்கியவர் முப்பது நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. நமக்கு விற்றவர் நல்லவராக இருந்தால், அவரைச் சிக்கலில் மாட்டிவிடுவது நாமாக இருக்கக்கூடாது. ஆர்.சி.யில் எச்.பி. என்று, அதாவது வண்டியின் மேல் கடன் இருப்பதாக, வங்கியின் பெயர் இருந்தால், அது நீக்கப்படும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். விற்றவருடைய நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கோராததற்காக இன்ஷூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி, அவரோடு போய்விடும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

என் வண்டி 2012 மார்ச்சில் பதிவானது. 2027 மார்ச்சில் பதினைந்து ஆண்டு முடிகிறது. இவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதன்பின் கார்களின் பதிவைப் புதுப்பிப்பதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுவிட்டது. அதற்கு மேல் பசுமை வரி, பெயின்ட், டிங்கரிங் எல்லாம் உண்டு. இப்போது எல்லாப் பெட்ரோல் பங்க்குகளிலும் வரும் இருபது சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு இந்த வண்டியின் ரப்பர் குழாய்கள் எத்தனை நாள் தாங்கும் என்று மெக்கானிக் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். மாதம் ஆயிரம் ரூபாயை இந்தச் செலவுகளுக்கென்றே அஞ்சலகத்தில் போட்டு வருகிறேன். உரக்கடைக்காரர் தந்த நோட்டில் இன்னும் பதினொரு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவர் விட்ட இடத்திலிருந்து நான் எழுதுகிறேன்.