ஸ்க்ரூவை நோண்டினால் தப்பா?

ஒரு துப்பறியும் நாவலில், பழைய மேசை போலி என்று காட்ட ஸ்க்ரூ மாதிரி ஒரு தடயம்கூட இல்லையே என்று நான் ரெண்டு வரி சொன்னதற்கு வந்த பதில்களைப் பார்த்திருப்பீர்கள். "கோஸி மிஸ்ட்ரி, சாதுவான துப்பறியும் கதைதானே? பூனை இருக்கு, தேநீர் இருக்கு, ரத்தம் இல்ல. இதுல போய் ஸ்க்ரூவை நோண்டிக்கிட்டு..."

சரி, நோண்டுகிறேன்.

துப்பறிபவர் பழம்பொருள் வியாபாரி. கொலைக்குக் காரணம் 1750-ல் செய்ததாகச் சொல்லப்படும் எழுதுமேசை. அது போலி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்? கட்டைவிரலால் ஒரு தடவு, "ஏதோ சரியில்லை" என்று ஒரு பெருமூச்சு. முடிந்தது. இதற்குப் பெயர் துப்பறிதல் இல்லை, குறி சொல்வது.

இந்த வகைக் கதையில் தடயவியல் கூடம் கிடையாது. பொருள்தான் சாட்சி. அதை வாசகன் கண்ணில் காட்ட வேண்டாமா?

காட்ட எவ்வளவோ இருக்கிறது. இழுப்பறையை முழுசாக உருவி, முன்பலகையின் உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடிக்கு வெளியே ரெண்டு ஓட்டை, உள்ளே நாலு என்றால் கைப்பிடி மாறியிருக்கிறது, வெளியே வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டிப் பழைய ஓட்டையை மறைத்திருக்கிறார்கள். கையால் செய்த பழைய ஸ்க்ரூவில் தலையில் திருப்புளி பொருந்தும் கோடு நடுவை விட்டு விலகியிருக்கும், முனை மொட்டையாக இருக்கும். கூர்முனை ஸ்க்ரூ பரவியது 1840களுக்குப் பிறகு. மேற்பரப்பில் வண்டு வெளியேறிய துளை வட்டமாக, 1-2 மி.மீ. இருக்கும். துளைக்குப் பதில் வண்டின் புழு மரத்துக்குள் அரித்த சுரங்கமே நீளவாக்கில் திறந்து கிடந்தால், அரித்த பழைய பலகையைப் பிறகு அறுத்துச் செய்த மேசை அது.

"ஸ்க்ரூ புதுசுன்னா ரிப்பேர் பண்ணியிருக்கலாமே?" நியாயமான கேள்வி. அதனால்தான் ஒரே தடயத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. வாசகனைத் திசைதிருப்ப இதைவிட நல்ல இடம் எது?

"விவரம் கூடினா கதை தேங்கும்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. இதே நாவலில் கேக் செய்முறை ஒரு பக்கம் முழுக்க வந்தபோது மட்டும் கதை தேங்கவில்லையாக்கும்!

நாவலில் ரகசிய அறையில் கிடைத்த, 1920-ல் எழுதியதாகச் சொல்லப்படும் உயிலையே எடுங்கள். புற ஊதா டார்ச் அடித்தால் ஒளிரூட்டி (தாளை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம்) கலந்த காகிதம் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். அப்படிப்பட்ட தாள் ஏறக்குறைய 1950-க்குப் பிந்தையது. பளிச்சிடாவிட்டால் உயில் உண்மை என்று அர்த்தமா? இல்லை. பழைய புத்தகங்களின் தொடக்கத்திலும் கடைசியிலும் இருக்கும் வெற்றுத்தாளைக் கிழித்து எழுதலாம், போலி செய்பவர்களின் அரதப்பழசான வழி அது. இதே நாவலில் பழைய புத்தகக்காரர் ஒருவர் சும்மா வந்து போகிறார்! அவர் கடையில் ஒரு புத்தகத்தில் கடைசித் தாள் இல்லை என்று மட்டும் காட்டியிருந்தால் போதும், கொலையாளியே மாறியிருப்பார்.

இதைச் சொன்னால் எனக்கு "மேதாவி" பட்டம். வியாபாரியைத் துப்பறியும் ஆளாக வைத்துவிட்டு அவர் தொழிலைக் கதையில் காட்டாத ஆசிரியருக்கு ஐந்து நட்சத்திரம். கொடுங்கள், உங்கள் நட்சத்திரம்.