மூன்றாவது சுற்றுக்கு எழுந்திருங்கள்

போன வாரம் மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் தங்கை மகன் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தான். பேச்சு டென்னிஸ் பக்கம் திரும்பியது. "பெரியம்மா, இறுதி ஆட்டம் வரும்போது சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு நாள் நானும் உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றான். ரசம் ஊற்ற வந்தவர் காத்துக்கொண்டு நின்றதால் அங்கே பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவனுக்கு மட்டுமல்ல, இறுதி ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு டென்னிஸ் பார்த்தேன் என்று சொல்கிற எல்லாருக்கும்.

தம்பி, இறுதி ஆட்டத்தைத் தவறவிட்டால் எனக்கு வருத்தம் இல்லை. மூன்றாவது சுற்றையும் நான்காவது சுற்றையும் தவறவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் மனம் ஆறாது. ஆண்டுக்கு நான்கு கிராண்ட்ஸ்லாம், டென்னிஸின் மிகப் பெரிய போட்டிகள். அவற்றில் ஒன்றின் உயிர் அந்த நான்கு நாட்களில்தான் இருக்கிறது.

கணக்கைப் பார். 128 பேர் தொடங்குகிறார்கள். இரண்டு சுற்று முடிந்ததும் 32 பேர் மிஞ்சுகிறார்கள். மூன்றாவது முடிந்தால் 16, நான்காவது முடிந்தால் 8. முதல் இரண்டு சுற்றும் திருவிழாக் கூட்டம் மாதிரி, யார் வந்தார், யார் போனார் என்று கண் நிலைக்காது. காலிறுதிக்கு வந்தவர்களின் கதையைத் தொலைக்காட்சி ஏற்கெனவே பத்து முறை சொல்லியிருக்கும். நடுவில் இருக்கிற அந்த 32 பேரைத்தான் ஒவ்வொருவராக முகம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு. லண்டனில் புல் தரையில் ஆடும் விம்பிள்டன் அந்த நான்கில் ஒன்று. 2001 விம்பிள்டனிலிருந்து 16 பேருக்குப் பதிலாக 32 பேருக்குத் தரநிலை கொடுக்கிறார்கள், அதாவது போட்டிக்கு முன்பே சிறந்தவர்களை வரிசைப்படுத்தி எண் கொடுக்கிறார்கள். தரநிலை பெற்ற இருவர் முதல் இரண்டு சுற்றில் மோதிக்கொள்ள முடியாதபடி அட்டவணை போடப்படுகிறது. அதாவது பெரிய ஆட்டக்காரருக்கு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வேலி மூன்றாவது சுற்றில் எடுக்கப்படுகிறது. முதல் எட்டு இடத்தில் இருப்பவர், 25 முதல் 32 வரை இருக்கும் ஒருவரை அங்கேதான் முதன்முதலாகச் சந்திக்க வேண்டியிருக்கும். எதிரே நிற்பவருக்கு இழப்பதற்கு ஒன்றும் இருக்காது. இவருக்கோ எல்லாமே பணயம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அப்பா. அவர் டென்னிஸ் ஆடியவர் இல்லை. எங்கள் தோட்டத்து துரைமார் கிளப்பில் புல் தரை பராமரித்தவர்.

இப்போது அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அப்போது சுற்றிலும் ரப்பர் மரம், நடுவில் ஒரு பச்சைத் திட்டு. காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் மற்றவர்கள் மரம் சீவப் போவார்கள். அப்பா ஒரு மண்ணெண்ணெய் டின்னில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கிளப்புக்குப் போவார். பள்ளி விடுமுறை என்றால் நானும் கூடவே போவேன். இரண்டு முனையிலும் குச்சி நட்டு, நூல் கட்டி, அந்த நூலைப் பெருவிரலால் ஒருமுறை சுண்டிப் பார்ப்பார். விறைப்பாக இருந்தால் ஒரு சின்னச் சத்தம் வரும். அதன் பிறகுதான் தூரிகையைத் தொடுவார். நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி, இரட்டையருக்கு 36. வலையிலிருந்து சர்வீஸ் கோடு 21 அடி. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த எங்கள் லயத்து வரிசை வீடுகளில், இந்த நான்கு எண்களும் எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். கோடு போட்டு முடித்ததும் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்ப்பார். மயிரிழை கோணலாகத் தெரிந்தாலும் புல்லைக் கழுவிவிட்டு மறுபடியும் போடுவார். மாலையில் துரைமார் ஆட வரும்போது நாங்கள் பந்து பொறுக்குவோம். பந்து உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று தகராறு வந்தால் அப்பா எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார்: "சுண்ணாம்பு பறந்தால் உள்ளே."

தமிழ் நாளிதழில் வந்த இந்திய ஆட்டக்காரர் விஜய் அமிர்தராஜின் படம் ஒன்றை அப்பா வெட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். 1973 அமெரிக்க ஓப்பனில், புல் தரையில், மூன்றாவது சுற்றில், ரோட் லேவரை அமிர்தராஜ் வீழ்த்தினார். ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாமையும் இரண்டு முறை வென்ற மனிதர் லேவர். அவரை ஒரு சென்னைப் பையன் வெளியே அனுப்பினான். பிறகு காலிறுதியில் அமிர்தராஜ் கென் ரோஸ்வாலிடம் தோற்றார். கோப்பை வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் இருபது வருடம் பேசப்பட்டது அந்த மூன்றாவது சுற்றுதான். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் யார் வென்றார் என்று அப்பாவிடம் ஒருநாளும் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

2001 ஜூலை 2ஆம் தேதியை அப்பாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். விம்பிள்டன் நான்காவது சுற்று. ஏழு முறை வென்ற பீட் சாம்ப்ராஸ், அங்கே தொடர்ந்து 31 ஆட்டங்களில் தோற்காதவர். எதிரே 19 வயது ரோஜர் பெடரர், குடுமி கட்டிய பையன். ஐந்து செட். 7-6, 5-7, 6-4, 6-7, 7-5. அப்பா அன்றைக்குப் பந்தைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் சர்வீஸ் போட்டதும் வலைக்கு ஓடுகிறவர்கள். "பார், ஓடி ஓடியே ஒற்றையடிப் பாதை போட்டுவிட்டார்கள்" என்றார். பெடரர் அடுத்த ஆட்டத்திலேயே டிம் ஹென்மனிடம் தோற்று வீட்டுக்குப் போனார். அதனால் என்ன? ஒரு காலம் முடிந்து இன்னொரு காலம் தொடங்கியதை நாங்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். இறுதி ஆட்டத்துக்காகக் காத்திருந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை.

இன்றைக்கு விம்பிள்டன் தரையைப் பாருங்கள். இரண்டாவது வாரத்தில் பின்கோட்டை ஒட்டி மட்டும் மண் தெரியும், வலைப் பக்கம் புல் பச்சையாகவே இருக்கும். ஆட்டம் எப்படி மாறிவிட்டது என்பதை அந்த ஒரு காட்சியே சொல்லிவிடும். மூன்றாவது, நான்காவது சுற்றில்தான் அந்த மாற்றம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. புல் அழிய அழிய பந்து எழும்பும் விதமும் மாறும், கால் வைக்கும் விதமும் மாறும்.

பிரெஞ்சு ஓப்பனில் ரஃபேல் நடாலின் கதை எல்லாருக்கும் தெரியும். 2009 வரை அங்கே அவர் தோற்றதே இல்லை, தொடர்ந்து 31 வெற்றி. அவரை முதலில் தோற்கடித்தவர் ராபின் சோடர்லிங், அதுவும் நான்காவது சுற்றில்தான்.

இனி 2025 விம்பிள்டனுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

லண்டனைவிட நமக்கு ஏழு மணி நேரம் முன்னால். அங்கே காலை 11 மணிக்கு வெளி ஆடுகளங்களில் ஆட்டம் தொடங்கும்போது இங்கே மாலை 6. வேலை முடிந்து வந்து, குளித்து, விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். ஜூலை 7, திங்கட்கிழமை. நான்காவது சுற்று. நமக்குச் செவ்வாய் விடியற்காலை ஆகிவிட்டது. மழை விட்டு ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. யானிக் சின்னர், அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரர். எதிரே 34 வயது கிரிகோர் டிமிட்ரோவ். முதல் கேமிலேயே சின்னர் வழுக்கி விழுந்து முழங்கையை அடித்துக்கொண்டார். டிமிட்ரோவ் அந்த அழகான ஒற்றைக் கை பேக்ஹேண்டால் பந்தைத் தாழ்வாக, தரையோடு தரையாக வெட்டி வெட்டி அனுப்பினார். சின்னர் ஒவ்வொரு முறையும் குனிந்து தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. 6-3, 7-5. இரண்டு செட் டிமிட்ரோவுக்கு. வெளிச்சம் குறைந்ததால் கூரையை மூடினார்கள். மூன்றாவது செட்டில் 2-2. டிமிட்ரோவ் ஒரு சர்வீஸ் போட்டார், எதிரே திருப்ப முடியாத சர்வீஸ். அடுத்த கணம் மார்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மார்புத் தசை. அதற்கு முன் நடந்த நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் காயத்தால் பாதியில் விலகியவர் அவர். இது ஐந்தாவது. சின்னர் வலையைத் தாண்டி ஓடி வந்தார். டிமிட்ரோவ் வெளியேறும்போது அவருடைய பையைச் சின்னரே தூக்கிக்கொண்டு நடந்தார்.

நான் அழுதேன். வெட்கப்படவில்லை.

ஆறு நாள் கழித்து சின்னர் இறுதியில் கார்லோஸ் அல்கராஸை நான்கு செட்டில் வென்றார். விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இத்தாலியர். நல்ல ஆட்டம், அவர் தகுதியானவர், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கோப்பையை அவர் தூக்கியபோது என் கண்ணுக்குத் தெரிந்தது டிமிட்ரோவின் பைதான். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வெற்றியின் கனம் தெரியும்.

அதே ஆண்டு பெண்கள் பிரிவில் என்ன நடந்தது? இறுதி ஆட்டம் 57 நிமிடத்தில் முடிந்துவிட்டது. 6-0, 6-0. இகா ஸ்வியாடெக் அற்புதமாக ஆடினார், அமண்டா அனிசிமோவாவுக்கு ஒன்றுமே ஓடவில்லை. அன்று மட்டும் பார்த்தவர்கள் அனிசிமோவாவைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்? நான்காவது சுற்றில் லிண்டா நோஸ்கோவாவை மூன்று செட் போராடி வென்ற பெண்ணை அவர்கள் பார்க்கவில்லையே. மூன்றாவது சுற்றில் எம்மா ராடுகானு, அப்போதைய முதல்நிலை ஆட்டக்காரர் சபலென்காவை எதிர்த்து இரண்டாவது செட்டில் 4-1 என்று முன்னால் போய்க் கடைசியில் தோற்ற ஆட்டம்தான் என்னைக் கேட்டால் அந்த இரண்டு வாரத்தின் சிறந்த ஆட்டம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதைப் பேசத் தயங்குவது சரியில்லை. முதல் சுற்றில் தோற்றவருக்கு 2025இல் 66,000 பவுண்டு. மூன்றாவது சுற்றில் தோற்றவருக்கு 152,000. நம் மலேசியப் பணத்தில் எட்டு லட்சம் வெள்ளிக்கு மேல். முதல் பத்து இடத்தில் இருப்பவருக்கு அது பெரிதல்ல. எண்பதாவது இடத்தில் இருப்பவருக்கு? விமான டிக்கெட், தங்குமிடம், பயிற்சியாளர் சம்பளம், உடம்பைப் பார்த்துக்கொள்கிறவரின் சம்பளம், எல்லாம் அவர் கையிலிருந்துதான் போக வேண்டும். ஒரு வாரம் கை நழுவினால் அந்த வாரம் வருமானம் இல்லை. மழை பெய்தால் மரம் சீவ முடியாது, சீவாத நாளுக்குக் கூலி கிடையாது என்று வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது சுற்றின் கடைசிப் புள்ளியை வென்றுவிட்டு ஒருவர் முகத்தை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது, அடுத்த வருடச் செலவுக்கு வழி பிறந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

என் மனத்தில் இருக்கும் இரண்டு குறைகளையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். முன்பெல்லாம் விம்பிள்டனில் நடு ஞாயிறு ஓய்வு நாள். மறுநாள் திங்களன்று நான்காவது சுற்று முழுவதும் ஒரே நாளில் நடக்கும். ஆண்கள் எட்டு ஆட்டம், பெண்கள் எட்டு ஆட்டம். இடம் போதாமல் பெரிய பெரிய பெயர்களைக்கூடச் சின்ன ஆடுகளத்துக்கு அனுப்புவார்கள். உலக டென்னிஸில் அதைப் போல ஒரு நாள் கிடையாது. 2022 முதல் ஞாயிறன்றும் ஆடுகிறார்கள், அந்தச் சுற்றை இரண்டு நாளாகப் பிரித்துவிட்டார்கள். டிக்கெட் விற்பனைக்கும் ஒளிபரப்புக்கும் அது நல்லதாக இருக்கலாம். எனக்கு அது பொங்கல் பானையை இரண்டு அடுப்பில் வைத்தது போல இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமையைத் திருப்பித் தர வேண்டும்.

இரண்டாவது குறை, கோடு நடுவர்கள். 2025இல் விம்பிள்டன் அவர்களை எடுத்துவிட்டு முழுவதும் கருவியை நம்பியது. நான்காவது சுற்றில், சென்டர் கோர்ட்டில், பாவ்லியுசென்கோவா ஆட்டத்தில் சோனே கார்டால் அடித்த பந்து தெளிவாக வெளியே விழுந்தது. கருவி ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தால் யாரோ தவறுதலாக அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். புள்ளியை மறுபடியும் ஆடச் சொன்னார்கள், அந்த கேமைப் பாவ்லியுசென்கோவா இழந்தார். ஆட்டத்தை அவர்தான் வென்றார் என்பது வேறு விஷயம். கருவி மனிதக் கண்ணைவிடத் துல்லியமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோட்டுக்குப் பின்னால், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, கண் இமைக்காமல் ஒரு மனிதர் நிற்பது எனக்கு வேண்டும். அந்தக் குனிதலை எனக்குத் தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்த்தவரின் மகள் நான்.

ஆகவே தம்பி, அடுத்த விம்பிள்டனில் மூன்றாவது சுற்று தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு வீட்டுக்கு வா. நண்பர்கள் இருந்தால் அழைத்துவா, இதைப் படிக்கிற ஊர்க்காரர்களும் வாருங்கள். கதவு திறந்திருக்கும். முதலில் வெளி ஆடுகளங்களைப் பார்ப்போம், பெயர் தெரியாதவர்களைப் பார்ப்போம். பாய் விரித்து வைக்கிறேன், தூக்கம் வந்தால் படுத்துக்கொள்ளலாம், ஐந்தாவது செட் வந்தால் எழுப்புகிறேன். விடிந்ததும் தோசை சுட்டுத் தருகிறேன், பசியாறிவிட்டுப் போகலாம்.