புண்ணியம் என்று ஏரியில் விடப்படும் மீன்கள்

சென்ற மாதம் பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பத்தினர், கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன்களை வாளியில் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் புறப்பட்டார்கள். "எங்கேயாவது பிழைத்துப் போகட்டும் அண்ணா, நமக்கும் புண்ணியம்" என்றார் அந்த வீட்டு அம்மா. தொட்டிச் சுவரில் படியும் பாசியைத் தின்பதற்காக விரல் நீளத்தில் வாங்கிய சக்கர் மீன் ஒன்று, முழங்கை நீளத்துக்கு வளர்ந்து அந்த வாளியில் வளைந்து கிடந்தது. அப்போதே தடுத்திருக்க வேண்டும். தடுக்காமல் இருந்துவிட்டேன் என்ற உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

அமேசான் படுகையைச் சேர்ந்த சக்கர் மீனுக்கு உடல் முழுவதும் எலும்புத் தகடுகள் உண்டு. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி உயிர் பிழைக்கும். ஆகவே நம் ஏரிகளின் கழிவுநீர்கூட அதற்குத் தடையில்லை. ஆண் மீன் கரையைக் குடைந்து பொந்து அமைத்து, அதில் இடப்படும் முட்டைகளைக் காக்கிறது. அல்சூர் ஏரியின் உபரி நீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே தென்பெண்ணையில் கலந்து ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது என்பதால், இங்கே விட்டது இங்கேயே நின்றுவிடும் என்று நம்ப இடமில்லை.

காவிரியின் நிலையும் இதுவே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முத்தத்தியில் பரிசல் ஓட்டும் ஒருவர், தம் வலையில் சிக்கிய சக்கர் மீனைக் காட்டி, "வலையைக் கிழிக்குது சார், சாப்பிடவும் ஆகாது, விற்கவும் ஆகாது" என்றார். அவர் வலையில் மிச்சமிருந்தவை பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டைகள். 1952இல் உணவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, முட்டைகளை வாயிலேயே அடைகாத்து ஆண்டில் பலமுறை பெருகுவது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை விதித்தும், பண்ணைகளிலிருந்து தப்பிய அந்த மீன் ஆற்றில் அகப்படுகிறது.

என்னை மிகவும் வருத்துவது மசீர் மீனின் கதைதான். முதுகில் திமில் கொண்ட காவிரி மசீர் உலகில் வேறெந்த ஆற்றுப் படுகையிலும் இல்லாதது. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மீனின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. அப்படிப்பட்ட மீன் 2018இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அணைகளும், மணல் அள்ளுவதும், வெடி வைத்து மீன் பிடிப்பதும் இதற்குக் காரணங்கள். ஆனால் இன்னொரு காரணம் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது. 1970களிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோணாவளாவில் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யப்பட்ட, கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த நீலத் துடுப்பு மசீரின் குஞ்சுகள், மசீர் இனத்தைக் காப்பதாகவே எண்ணிக் காவிரியில் விடப்பட்டன. காவிரிக் கரையிலுள்ள காலிபோரில் 1998 முதல் 2012 வரை, மீனைப் பிடித்து உயிரோடு திரும்ப விட்ட தூண்டில்காரர்களின் குறிப்புகளைப் பார்த்தால், நீலத் துடுப்பு மீன் பெருகப் பெருகத் திமில் மீனின் இளங்குஞ்சுகள் வருவது ஏறக்குறைய நின்றுபோனது தெரிகிறது. பார்வைக்கு உறவினர்போல இருக்கும் மீனே, இருந்த மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நம் குழாயில் வருவது காவிரி நீர். அந்த ஆற்றுக்கு நாம் பட்டிருக்கும் கடனில் சிறு பங்கையாவது தீர்க்க வேண்டுமானால், அணைகளில் குஞ்சு விடும் திட்டங்கள் ஒவ்வொன்றிலும் அந்த மீன் அந்த ஆற்றுக்கு உரியதுதானா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். கட்லாவும் ரோகுவும்கூட இங்கே வந்தேறிகள்தாம்.

வீட்டுத் தொட்டி விஷயம் நம் கையிலேயே இருக்கிறது. எங்கள் பகுதியில் மூன்று மீன் கடைகளில் விசாரித்ததில், வளர்ந்த மீன்களைக் காசு தராமல் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு கடைக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தொட்டியை வைத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நானே வாளியோடு வந்து மீன்களை வாங்கிச் சென்று கடையில் சேர்த்துவிடுகிறேன்.