டர்பன்-வெஸ்ட்வில் மூடப்படவில்லை, இணைக்கப்பட்டது

"டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தை 2004இல் மூடிவிட்டார்கள், பழைய பட்டத்துக்கு இனி சான்று வாங்க வழியில்லை" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்த அந்தப் பல்கலைக்கழகம் 2004 ஜனவரி 1 அன்று நாட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நாட்டால் பல்கலைக்கழகம் ஆனது. வெஸ்ட்வில் இன்றும் அதன் ஐந்து வளாகங்களில் ஒன்று. பழைய மாணவர் பதிவுகளுக்கும் குவாசூலு-நாட்டால் பல்கலைக்கழகமே பொறுப்பு.

எங்கே விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். டர்பன்-வெஸ்ட்வில்லின் தொடக்கமாக, 1961இல் டர்பன் துறைமுகத்தின் சால்ஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில், இந்தியருக்கென்று அரசு தொடங்கியது வெறும் கல்லூரிதான். பட்டம் தரும் அதிகாரம் அதற்குக் கிடையாது; பட்டம் யூனிசா எனப்படும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்துடையது. 1971இல்தான் அது தனிப் பல்கலைக்கழகம் ஆனது, 1972இல் வெஸ்ட்வில்லுக்கு இடம்பெயர்ந்தது. ஆகவே அறுபதுகளில் படித்த தாத்தா பாட்டிமாரின் பட்டத்தாளை முதலில் எடுத்துப் பாருங்கள். யூனிசா பெயர் இருந்தால் பிரிட்டோரியாவில் உள்ள யூனிசாவுக்குத்தான் எழுத வேண்டும். டர்பனில் கேட்டுக் காத்திருப்பது வீண்.

டர்பனில் இருந்த எம்.எல். சுல்தான் டெக்னிகான் (தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனம்) தந்த டிப்ளமோவையும் சிலர் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். அது வேறு நிறுவனம். 2002இல் டெக்னிகான் நாட்டாலுடன் இணைந்தது, இப்போது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

விண்ணப்பத்தில் படித்த காலத்துப் பெயரையே, அன்றைய எழுத்துக்கூட்டல் மாறாமல், எழுதுங்கள். பிறந்த தேதி, மாணவர் எண், பட்டம், முடித்த ஆண்டு ஆகியவற்றையும் சேருங்கள். கல்யாணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றின் நகலையும் இணைப்பது நல்லது. புதுப் பெயரில் மட்டும் தேடினால் பழைய பதிவு அகப்படாது.