இவ்வளவு பெரிய காருக்கு ஏன் இரண்டே கதவு?

யாரிடம் ரோல்ஸ் ராய்ஸ் ரெய்த் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். ஐந்தேகால் மீட்டருக்கு மேல் நீளம், இரண்டேகால் டன்னுக்கு மேல் எடை, ஒரு பெரிய வீடே வாங்கிவிடக்கூடிய விலை, இதில் இரண்டே இரண்டு கதவுதானா? அந்தக் காசுக்கு நாலு கதவு வைத்த காரை வாங்கி, டிரைவர் போட்டு, பின்னால் சாய்ந்துகொண்டு போகலாமே?

கேட்பவர்கள் மேல் தப்பில்லை. ரோல்ஸ் ராய்ஸ் என்றாலே மனதில் வருகிற படம், முன்னால் சீருடை போட்ட டிரைவர், பின்னால் செய்தித்தாளோடு முதலாளி. அந்தப் படத்துக்குள் கூபே என்ற இரண்டு கதவுக் காருக்கு இடமே கிடையாது. எனக்கு அதனால்தான் கூபே பிடிக்கிறது. இதை வாங்குகிறவர் தானே ஓட்டுவதற்காக வாங்குகிறார். வீட்டில் எத்தனை வேலைக்காரர்கள் இருந்தாலும் ஸ்டீயரிங்கை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்று முடிவெடுத்த ஆளுக்கான கார் இது. கூபே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே ‘வெட்டப்பட்டது’ என்றுதான் பொருள். குதிரை வண்டிக் காலத்தில், ஆட்கள் எதிரெதிராக உட்கார்ந்து போகும் பெரிய வண்டியில் ஒரு பாதியை வெட்டிவிட்டு, இரண்டு பேருக்கு மட்டும் இடம் வைத்த வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது.

ஒரு நண்பரின் தயவில் ரெய்த் ஒன்றை ஒரு மாலையிலிருந்து நள்ளிரவு வரை ஓட்டிப் பார்த்தேன். சில வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த ஐந்தாறு மணி நேரம் அப்படியே நினைவில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிகிறேன்.

கதவிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரெய்த்தின் கதவு மற்ற கார்களைப் போல முன்பக்கம் கீல் வைத்தது இல்லை, பின்பக்கம் கீல் வைத்தது. திறக்கும்போது உங்களை வரவேற்பது மாதிரி பின்னோக்கி விரிகிறது. இது வெறும் பகட்டுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஏறிப் பார்த்ததும் காரணம் புரிந்தது. சாதாரணக் கூபேவில் கதவுக்கும் சீட்டுக்கும் நடுவே உடம்பை மடக்கி நுழைக்க வேண்டும். இங்கே முன்னாலிருந்து வழி திறக்கிறது, கால் நேராக உள்ளே போகிறது, அப்படியே திரும்பி உட்கார்ந்தால் முடிந்தது. உட்கார்ந்த பிறகு கதவு எட்டாத தூரத்தில் நிற்கும், கையை நீட்டி இழுக்கவே முடியாது. அதற்குத்தான் முன்பக்க ஓரத்தில் ஒரு பட்டன். அதை அழுத்திப் பிடித்தால் அவ்வளவு பெரிய கதவு தானாக வந்து மூடிக்கொள்கிறது. கடைசி ஓரிரு அங்குலத்தில் ஒரு சின்ன ‘டொப்’. அந்த நொடியில் வெளியே கேட்டுக்கொண்டிருந்த ஹாரன், பேச்சுச் சத்தம், காற்று எல்லாம் நின்றுவிட்டது. யாரோ ரேடியோவின் சத்தத்தை ஒரே திருகில் குறைத்தது போல. நான் பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். பானெட்டுக்குக் கீழே 6.6 லிட்டர் வி12, அதாவது பன்னிரண்டு சிலிண்டர், இரட்டை டர்போ, 632 குதிரைத்திறன். அது ஓடுகிறதா இல்லையா என்பதை முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த முள்ளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை. பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டேக்கோமீட்டர் இருக்கும், இதில் அது இல்லை. அதற்குப் பதிலாக ‘பவர் ரிசர்வ்’ என்று ஒரு மீட்டர். எஞ்சின் எவ்வளவு உழைக்கிறது என்பதைக் காட்டாமல், இன்னும் எவ்வளவு பலம் செலவழியாமல் மிச்சம் இருக்கிறது என்பதைச் சதவீதத்தில் காட்டுகிறது. நின்றுகொண்டிருக்கும்போது நூறு. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது தொண்ணூறுக்குக் கீழே அது இறங்கியது அபூர்வம். அதாவது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதும் கார் தன் பலத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. வங்கியில் கணக்கு வைத்திருப்பவருக்கு இருப்பைப் பார்த்தால் வருமே, அந்த நிம்மதி அந்த முள்ளைப் பார்க்கும்போது வருகிறது. ஒரு காரின் குணத்தை ஒரே ஒரு மீட்டரில் இவ்வளவு சரியாகச் சொன்ன இன்னொரு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, வேகம் எப்படி? நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.6 நொடி. இன்றைக்கு இதைவிடப் பல மடங்கு விலை குறைந்த எலெக்ட்ரிக் கார்கள் இதைவிட வேகமாகப் போகின்றன. போர்ஷே 911 டர்போ எஸ் மூன்று நொடிக்குள் தொட்டுவிடும். ஆகவே எண்ணை வைத்து ரெய்த்தை அளந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே பார்க்க வேண்டியது அந்த வேகம் வந்து சேரும் விதம். எஞ்சினின் சுழற்றும் விசையான டார்க் 800 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு வெறும் 1,500 சுற்றிலேயே முழுசாகக் கிடைத்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதுகில் அடி விழுவதில்லை, தலை பின்னால் சாய்வதில்லை. முன்பக்கம் லேசாக நிமிர்கிறது, பின்னாலிருந்து ஒரு பெரிய அலை எழும்பித் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. எட்டு கியர் இருக்கிறது, எது எப்போது மாறியது என்று எனக்குத் தெரியவே இல்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் துடுப்பு கிடையாது, ‘ஸ்போர்ட்’ என்று ஒரு பட்டன் கிடையாது. காரே ஜிபிஎஸ் வரைபடத்தைப் பார்த்து முன்னால் வளைவு வருகிறதா, ரவுண்டானா வருகிறதா என்று தெரிந்துகொண்டு, நாம் அங்கே போய்ச் சேருவதற்குள் சரியான கியரில் தயாராக நிற்கிறது. 2013-ல் ரெய்த் வந்தபோது இதைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். ஓட்டும்போது அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை என்பதுதான் நான் அதற்குக் கொடுக்கும் பாராட்டு.

வளைவுகளில் இது விளையாட்டுக் கார் ஆகிவிடாது. இரண்டேகால் டன்னை எந்தச் சஸ்பென்ஷனாலும் ஒளித்து வைக்க முடியாது. வேகமாக ஒரு வளைவுக்குள் போனால் எடை ஒரு பக்கம் நிதானமாக, முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சாய்கிறது. ஸ்டீயரிங் மெதுவாகப் போகும்போது ஒரு விரலில் சுழல்கிறது, வேகம் கூடும்போது கொஞ்சம் கனக்கிறது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நானே மாறிவிட்டிருந்தேன். பிரேக்கை முன்னாலேயே மெல்லத் தொட ஆரம்பித்தேன், ஓவர்டேக் செய்ய அவசரப்படவில்லை, யாராவது குறுக்கே நுழைந்தால் வழிவிட்டேன். பலம் இல்லாததால் பொறுமையாக ஓட்டுவது ஒன்று. தேவைக்கு மேல் பலம் காலடியில் கிடக்கிறது என்று தெரிந்தே பொறுமையாக ஓட்டுவது வேறு. அந்த இரண்டாவதை நான் அன்றுதான் அனுபவித்தேன்.

கஷ்டம் இல்லையா என்றால் இருக்கிறது. இவ்வளவு நீளமான எந்தக் கூபேவையும் நெருக்கமான பார்க்கிங்கில் நிறுத்தினால் கதவைத் திறக்கப் பக்கத்தில் இடம் இருக்காது. பின்பக்கக் கண்ணாடி சரிவாக, சின்னதாக இருக்கும். பின் சீட்டில் தாராளமாக உட்காரலாம், ஆனால் ஏறி இறங்க முன்சீட்டை நகர்த்த வேண்டும். வாங்குகிறவர் இதெல்லாம் தெரிந்தேதான் வாங்குகிறார்.

இருட்டிய பிறகு கூரையைப் பார்த்தேன். 1,340 ஒளியிழைகளைத் தோலில் ஒவ்வொன்றாகக் கையால் கோர்த்து நட்சத்திர வானம் மாதிரி செய்திருக்கிறார்கள். படங்களில் பார்க்கும்போது எனக்கு இது கொஞ்சம் மிகையாகத்தான் பட்டிருந்தது. நேரில், வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து வைத்தபோது, எல்லாப் புள்ளியும் ஒரே அளவு பிரகாசம் இல்லை என்பது தெரிந்தது. சிலது மங்கல், சிலது கூர்மை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். அப்புறம் ரொம்ப தூரத்துக்கு இரண்டு பேருமே பேசவில்லை.

பென்ட்லி கான்டினென்டல் ஜிடியை இங்கே சொல்லாமல் விட முடியாது. இரண்டு கம்பெனியும் 1931-லிருந்து பல பத்தாண்டுகள் ஒரே வீட்டுப் பிள்ளைகள், பிறகுதான் ஒன்று பிஎம்டபிள்யூ பக்கமும் இன்னொன்று ஃபோக்ஸ்வாகன் பக்கமும் போயின. ஆனால் கூபே என்றால் என்ன என்பதற்கு இரண்டு பேரும் சொல்லும் பதில் வேறு. 1952-ல் வந்த பென்ட்லி ஆர் டைப் கான்டினென்டல், நாலு பேரை உட்கார வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர் வேகத்தில் ஐரோப்பாவைக் குறுக்கே கடப்பதற்காகச் செய்த கார். அந்த ரத்தம்தான் 2003-ல் வந்த ஜிடியிலும். அதில் எஞ்சின் பேசும், ரோடு கைக்குத் தெரியும். பிந்தைய தலைமுறை ஜிடியில், டேஷ்போர்டின் நடுவில் இருக்கும் திரை வேண்டாம் என்றால் ஒரு பட்டனில் சுழன்று மூன்று முள் மீட்டராகவோ வெறும் மரப்பலகையாகவோ மாறிக்கொள்ளும். எனக்கு அந்த மரப்பலகைப் பக்கம் ரொம்பப் பிடிக்கும். ஓட்டும்போது எந்தத் திரையும் கண்முன் வேண்டாம் என்று நினைக்கிறவனின் மனசைப் புரிந்துகொண்டு செய்த வேலை அது. வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை என்றால் நான் பென்ட்லியின் சாவியைத்தான் எடுப்பேன். நீண்ட நேர்ச்சாலை, ராத்திரி நேரம் என்றால் ரெய்த். இதில் எனக்குக் குழப்பமே இல்லை.

இப்போது ரெய்த் இல்லை. 2023-ல் தயாரிப்பு முடிந்தது. அதன் இடத்துக்கு வந்திருப்பது ஸ்பெக்டர், முழு எலெக்ட்ரிக். பென்ட்லியின் பன்னிரண்டு சிலிண்டர் டபிள்யூ12 எஞ்சினும் 2024-ல் விடைபெற்றது. ‘வி12 போய்விட்டால் ரோல்ஸ் ராய்ஸில் என்ன இருக்கும்’ என்று வருத்தப்படுபவர்களோடு நான் இந்த இடத்தில் பிரிகிறேன். பென்ட்லி ரசிகர் வருத்தப்பட்டால் நியாயம், அந்தக் காரில் எஞ்சினின் குரல் அனுபவத்தில் ஒரு பாதி. ரோல்ஸ் ராய்ஸ் கதை அப்படியா? நூறு வருஷத்துக்கு மேலாக அவர்கள் எஞ்சினைக் கேட்காமல் ஆக்கத்தான் பாடுபட்டார்கள். பன்னிரண்டு சிலிண்டர் போட்டதே அதிர்வு தெரியாமல் இருக்கத்தான். டேக்கோமீட்டரை எடுத்ததும் எஞ்சின் என்று ஒன்று இருப்பதை மறக்கடிக்கத்தான். கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்லஸ் ரோல்ஸ், கம்பெனியே பிறக்காத 1900-ம் ஆண்டிலேயே, எலெக்ட்ரிக் காரில் சத்தமில்லை, நாற்றமில்லை, அதிர்வில்லை, சார்ஜ் ஏற்ற நிலையங்கள் வந்துவிட்டால் ரொம்பப் பயன்படும் என்று சொல்லியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் வி12 எஞ்சின் இத்தனை காலமும் மின்மோட்டாராக மாறத்தான் முயற்சி செய்துகொண்டிருந்தது. ஸ்பெக்டரின் 900 நியூட்டன் மீட்டரும் 4.5 நொடியும் ரெய்த்துக்கு ஏறக்குறைய பக்கத்திலேயே நிற்கின்றன, அவர்கள் நினைத்திருந்தால் இன்னும் வேகமாகச் செய்திருக்கலாம், செய்யவில்லை. சுமார் 700 கிலோ எடையுள்ள பேட்டரியை வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுக்கும் தரையாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எனக்கு இருக்கும் ஒரே சந்தேகம் வேறு. 2020-ல் கோஸ்ட் செடானை உருவாக்கியபோது உள்ளே அமைதி அளவுக்கு மீறிப் போய் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலை சுற்றுவது போல ஆனதால், மெல்லிய ஒரு முணுமுணுப்பை வேண்டுமென்றே விட்டு வைத்தார்கள் என்று கம்பெனியே சொன்னது. ரெய்த்தில் அந்த முணுமுணுப்பு தூரத்து அருவி மாதிரி எஞ்சினிடமிருந்து வந்தது. ஓவர்டேக் செய்ய அழுத்தும்போது அது கொஞ்சம் கிட்டே வந்துவிட்டு மறுபடி தூரம் போகும். மோட்டாரில் அது இருக்காது.

உண்மையில் எனக்குக் கவலை தருவது எஸ்யூவிகள்தான். பென்ட்லி பென்டைகா வந்தது, 2018-ல் ரோல்ஸ் ராய்ஸ் கல்லினன் வந்தது, பணம் அந்தப் பக்கம் பாய்கிறது. மெர்சிடஸ் எஸ் கிளாஸ் கூபே புதுத் தலைமுறையோடு திரும்பி வரவே இல்லை. உயரமாக உட்கார வேண்டும், எல்லாச் சாமானும் ஏற்ற வேண்டும், ஐந்து பேர் போக வேண்டும் என்பதெல்லாம் நியாயமான தேவைகள். ஆனால் இந்த விலையில் ஒரு காரை வாங்குகிறவருக்குத் தேவைக்கு என்று வேறு கார்கள் கட்டாயம் இருக்கும். இதையும் ஏன் தேவைக்கே வாங்க வேண்டும்? அந்தத் தாழ்ந்த கூரையும் நீண்ட பானெட்டும் பின்னால் சரிந்து இறங்கும் அந்த ஒரே கோடும் தேவை என்ற பேச்சையே ஒதுக்கி வைத்த பிறகு பிறந்தவை. அதனால்தான் ஸ்பெக்டர் முதல் எலெக்ட்ரிக் ரோல்ஸ் ராய்ஸாக, அதுவும் கூபேவாக வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். எஸ்யூவியாகவே செய்திருக்கலாம், நிச்சயம் விற்றிருக்கும்.

அன்று ராத்திரி வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தபோது முள் கீழே இறங்கியதைத் தவிர எதுவும் மாறவில்லை, அதே அமைதி, கூரையில் அதே நட்சத்திரங்கள். ஸ்பெக்டரை இன்னும் நான் ஓட்டவில்லை. கிடைத்தால் அதே நேரத்தில் அதே சாலையில் ஓட்ட வேண்டும், பாட்டு எதுவும் போடாமல். அந்த அருவிச் சத்தம் இல்லாத குறை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் அதையும் இதே மாதிரி நீளமாக எழுதுகிறேன்.